ஏழு கியர் சைக்கிளில் ஒன்பது கியர் பாகம் சேருமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 26 அங்குலச் சக்கரம் கொண்ட மலைச் சைக்கிள் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறீர்கள். முன்னால் மூன்று, பின்னால் ஏழு கியர். மேடேறும்போது எழுந்து நின்று அழுத்தினால் செயின் டக்கென்று நழுவுகிறது. கடைக்காரர், எல்லாவற்றையும் மாற்றினால்தான் சரியாகும் என்கிறார். செலவு செய்வதுதான் செய்கிறோம், ஒன்பது கியராக்கிவிடலாம் என்று ஷிமானோ நிறுவனத்தின் ஒன்பது கியர் ஷிப்டரையும் (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை) பின் டீரெய்லரையும் (செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) இணையத்தில் வாங்கிவிட்டீர்கள். கூடவே, முரட்டு டயரைக் கழற்றிவிட்டு ஒல்லியான டயர் போட ஆசை. பக்கத்துக் கடையில் 26×1⅜ டயர் இருக்கிறதாம். எது சேரும், எது சேராது என்பது கேள்வி.

ஷிப்டரைத் திருப்பி அனுப்புங்கள். டீரெய்லரைப் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். அந்த டயரைத் தொடவே வேண்டாம். செயின் நழுவுவதற்கும் கியர்களின் எண்ணிக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாவற்றையும் மாற்றவும் தேவையில்லை. சைக்கிள் பாகங்கள் பெயரைப் பார்த்துச் சேர்வதில்லை, மில்லிமீட்டரைப் பார்த்துத்தான் சேர்கின்றன. அந்த மில்லிமீட்டர்களில் உங்களுக்கு வேண்டியவை நாலைந்துதான்.

நழுவலில் இருந்து தொடங்குவோம். எந்தக் கியரில் நழுவுகிறது என்று கவனித்தீர்களா? பாதி விடை அதில் இருக்கிறது. பின்னால் உள்ள ஏழு பல்சக்கரங்களில் குறிப்பிட்ட ஒன்றிரண்டில் மட்டும் நழுவினால், அந்தச் சக்கரங்களின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. முன்பு ஓட்டியவர் அந்தக் கியரிலேயே எப்போதும் ஓட்டியிருப்பார். எல்லாக் கியரிலும் நழுவி, பெடல் ஒரு கணம் காலடியில் காலியாக விழுந்து மறுபடி பிடித்தால், பிரீவீலுக்குள், அதாவது முன்னோக்கிப் பிடித்துப் பின்னோக்கி விடும் பொறியமைப்புக்குள், இருக்கும் சின்னத் தடுப்பு நாக்குகள் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். முன்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட செயின் வீலில் இருக்கும்போது மட்டும் நழுவினால், தேய்ந்தது அந்த வீல்.

இன்னொரு வகை நழுவல் உண்டு. கடைகளில் இதைப் பலர் தவறவிடுகிறார்கள். அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாளம் தவறாமல் சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வரும். அது செயினில் ஒரே ஒரு கண்ணி இறுகிப் போனதன் அடையாளம். 114 கண்ணிகள் உள்ள செயின், 42 பல் செயின் வீலில் ஓடினால், முழுச் செயினும் ஒரு சுற்று வர, பெடலைத் தாங்கும் கையான கிராங்க் ஏறக்குறைய 2.7 சுற்று சுற்ற வேண்டும். அதாவது மூன்று மிதிக்குச் சற்று முன்பாக ஒவ்வொரு முறையும் துள்ளும். சைக்கிளை நிறுத்தி, பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே பின் டீரெய்லரின் சிறு சக்கரங்களைப் பாருங்கள். இறுகிய கண்ணி அந்த வளைவில் நிமிர முடியாமல் முடிச்சுப்போல் துருத்திக்கொண்டு வரும். அதை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் இரண்டு மூன்று முறை வளைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பைசாச் செலவு கிடையாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அழுத்தும்போது மட்டும் நழுவுகிறது. ஆகவே தேய்மானம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதை நம்பிப் பணம் செலவிட வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம். ஓர் அடி நீளமுள்ள எஃகு அளவுகோல் வேண்டும். செயின் கண்ணி ஒவ்வொன்றும் அரை அங்குலம். எனவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். செயினை இழுவையில் வைத்து, கண்ணிகளை இணைக்கும் ஏதாவது ஒரு பின்னின் நடுவில் அளவுகோலின் பூஜ்யத்தை வையுங்கள். அதை ஒன்று என எண்ணத் தொடங்கினால் 25ஆவது பின்னின் நடு, புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டின்மேல் அச்சாக உட்காரும். தேய்ந்த செயினில் கோட்டைத் தாண்டிப் போகும். 1/16 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம், மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல், தாண்டியிருந்தால் பின்னால் உள்ள பல்சக்கரங்களும் கெட்டிருக்கும்.

தகடுகள் இழுபட்டு நீள்வதால் இப்படி ஆவதில்லை. எண்ணெயும் புழுதியும் கலந்து அரைக்கும் சாந்தாகி, ஒவ்வொரு பின்னையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பின்களின் தேய்மானம் சேர்ந்து செயினின் மொத்த நீளத்தில் தெரிகிறது. கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடியதும், செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காருகிறது. பல்லும் அதற்கேற்பச் சாய்ந்து தேய்கிறது. இப்படி ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகிவிட்ட பிறகு செயினை மட்டும் புதிதாக்கினால், பழைய பற்களில் புதுச் செயின் நிற்காது. பழைய செயினே நழுவாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் புதிதாக மாட்டிய செயின் நழுவுகிறது என்று பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான். குற்றம் புதுச் செயினில் இல்லை.

செயின் வாங்கும்போது 6, 7, 8 கியருக்கானது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பழைய ஒற்றைக் கியர் சைக்கிள் செயின் உள்ளகலத்தில் 1/8 அங்குலம், கியர் சைக்கிள் செயின் 3/32 அங்குலம். ஆறு முதல் எட்டு கியர் வரை வெளியகலம் ஏழு மில்லிமீட்டரை ஒட்டியது. ஒன்பதுக்கு 6.6, பத்துக்கு 5.9, பதினொன்றுக்கு 5.5 என்று குறைந்துகொண்டே போகும். கியர் கூடக்கூடப் பல்சக்கரங்கள் நெருங்குகின்றன, அதனால் செயினும் ஒல்லியாக வேண்டியிருக்கிறது. ஒன்பது கியர் செயின் ஏழில் ஓடத்தான் செய்யும். ஆனால் அதிக விலை கொடுத்து அதை வாங்க ஒரு காரணமும் இல்லை. நீளத்துக்கு ஒரு வழி: டீரெய்லரில் நுழைக்காமல், முன்னால் பெரிய வீலையும் பின்னால் பெரிய சக்கரத்தையும் சுற்றி இறுக்கமாகப் பிடித்துப் பார்த்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

அடுத்தது பின் பல்சக்கரத் தொகுதி. உங்களுடையது பிரீவீலா, கேசட்டா? ஏழு கியரில் இரண்டும் உண்டு. மலிவு விலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் பிரீவீல்தான் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, நடுவில் கருவி நுழையும் பள்ளமான வரிகளைப் பாருங்கள். பற்கள் சுற்றும்போது அந்த வரிகள் அசையாமல் நின்றால் பிரீவீல். அவையும் சேர்ந்து சுற்றினால் கேசட். பிரீவீலில், முன்னோக்கிப் பிடித்துப் பின்னோக்கி விடும் பொறியமைப்பு பல்சக்கரத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது; மொத்தமும் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் மரைபோட்டு ஏறுகிறது. கேசட்டில் அந்தப் பொறியமைப்பு ஹப்பில் இருக்கிறது. பல்சக்கரங்கள் மட்டும் அதன்மேல் செருகப்படுகின்றன.

பிரீவீல்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த மரை அளவு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஒற்றைக் கியர், ஆறு, ஏழு எல்லாம் அதே மரைதான். இரு கிராங்குகளையும் இணைக்கும் அச்சைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்பின் ஆங்கில மரையும் இதே அளவு. அதை இன்றும் பி.எஸ்.ஏ. மரை என்றே அழைக்கிறார்கள். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர் அது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் இருந்து அதே மூன்றெழுத்தில் சைக்கிள் விற்றதால் நமக்கு அது ஊர்ப்பெயர்போலப் பழகிவிட்டது.

ஆகவே புது ஏழு கியர் பிரீவீல் வாங்கினால் உங்கள் ஹப்பில் நேராக ஏறும். விலை சில நூறு ரூபாய். எளிதாகக் கிடைப்பவை இரண்டு: 14 முதல் 28 பல் வரை ஒன்று, 14 முதல் 34 பல் வரை ஒன்று. இரண்டாவதில் ஆறாவது சக்கரம் வரை 24 பல்தான். கடைசி ஒன்று திடீரென 34க்குத் தாவுகிறது. சமதளத்தில் அது தேவையே இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒருநாள் ஏறிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதையே வாங்குங்கள். அப்போது டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா, கொள்ளளவு போதுமா என்று பார்க்க வேண்டும். கொள்ளளவு என்பது எளிய கணக்கு: முன்னால் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம், அதோடு பின்னால் உள்ள வித்தியாசம். முன்னால் 42-34-24, பின்னால் 14-34 என்றால் 18ஐயும் 20ஐயும் கூட்டி 38. டீரெய்லரின் விவரக் குறிப்பில் இதைவிடப் பெரிய எண் இருந்தால் கவலையில்லை.

பழைய பிரீவீலைக் கழற்றுவதுதான் கொஞ்சம் மல்லுக்கட்டு. ஒவ்வொரு மிதிக்கும் அது இறுகிக்கொண்டே போயிருக்கும். அதற்கென 12 வரிகள் கொண்ட கழற்றி வேண்டும். பழைய வகைகளில் இரண்டு வெட்டு மட்டும் இருக்கும், அதற்குக் கருவி வேறு. கழற்றியை உள்ளே நுழைத்து, அச்சு நட்டால் அது நழுவாதபடி லேசாகப் பிடித்து வையுங்கள். பிறகு ஸ்பேனரோடு போராடுவதைவிட, பட்டறை வைஸில் கழற்றியைக் கவ்வவைத்து, சக்கரத்தையே இரு கைகளாலும் பஸ் ஸ்டியரிங்கைப் போல இடப்பக்கம் திருப்புங்கள். முதல் அசைவு சத்தத்தோடு வரும். வந்த உடனே அச்சு நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அச்சு வளையும். வீட்டில் வைஸ் இல்லையென்றால் ஒரு லேத் பட்டறையிலோ வெல்டிங் கடையிலோ இரண்டு நிமிட வேலை. புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, கையால் மட்டுமே பல சுற்று ஏற்றுங்கள். அலுமினிய ஹப்பில் மரை கோணலாக ஏறிவிட்டால் ஹப்பே போய்விடும். கருவி வைத்து இறுக்க வேண்டாம், ஓட்டினால் தானே இறுகும்.

பிரீவீல் கையில் இருக்கும் நேரத்தில் ஹப்பையும் பார்த்துவிடுங்கள். அச்சைச் சுற்றும்போது கரகரவென்றிருந்தால் அச்சில் உள்ள கூம்பு வடிவ நட்டான கோனைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, பால்ரஸ் குண்டுகளை மாற்றுவது நல்லது. பின் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது, ¼ அங்குலம். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். பொறுக்கி எடுத்துப் பாதி புதிது, பாதி பழையது என்று கலக்காதீர்கள். வலப்பக்கத்தில் ஸ்போக்ஸ் கம்பி உடைந்திருந்தால் அதை மாற்றிக் கோட்டம் எடுக்கவும் இதுவே நேரம்.

இனி ஒன்பது கியர் கனவு. ஷிப்டரில் ஒரு கிளிக் அடித்தால் கேபிள் குறிப்பிட்ட நீளம் இழுபடுகிறது. டீரெய்லர் அந்த இழுவையை ஒரு விகிதத்தில் பெருக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. அந்த நகர்வு, இரண்டு பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இழுவை, விகிதம், இடைவெளி: கிளிக் கியரின் கணக்கு முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஷிமானோவின் பழைய முறையில் விகிதம் சுமார் 1.7. ஏழு கியரில் சக்கரங்களுக்கு இடையே 5 மில்லிமீட்டர், எட்டில் 4.8, ஒன்பதில் 4.35. ஒன்பது கியர் ஷிப்டர் ஒவ்வொரு கிளிக்குக்கும் 4.35 மில்லிமீட்டர் நகர்த்தத்தான் செய்யப்பட்டது. அதை உங்கள் ஏழு கியர் பிரீவீலோடு சேர்த்தால் கிளிக்குக்கு 0.65 மில்லிமீட்டர் குறை விழும். முதல் கிளிக்கில் தெரியாது. ஆறு கிளிக் போனால் கிட்டத்தட்ட 3.9 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சக்கரத் தூரமே தவறிவிடும். இதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. பத்துக் கடை ஏறி இறங்கினாலும் கியர் நடுவில் தொங்கும். ஆகவேதான் ஷிப்டர் போக வேண்டும் என்றேன்.

டீரெய்லருக்கு எத்தனை கியர் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது விகிதம் மட்டும். ஷிமானோவின் 1.7 விகிதத்தைச் சேர்ந்த ஒன்பது கியர் டீரெய்லர், ஏழு கியர் ஷிப்டரோடும் பிரீவீலோடும் ஒழுங்காக வேலை செய்யும். பழைய மலிவு டீரெய்லரைவிட அதன் மூட்டுகளில் ஆட்டம் குறைவு. இது உங்களுக்கு லாபமே. ஆனால் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள். ஆல்டஸ், அசெரா, அலிவியோ என்ற வரிசைகளின் ஒன்பது கியர் வகை என்றால் சரி. 2023இல் வந்த கியூஸ் வரிசையிலும் ஒன்பது கியர் உண்டு, அதன் கணக்கு முற்றிலும் வேறு. அது இங்கே சேராது. ஸ்ராம் என்ற வேறு நிறுவனத்தின் 1:1 முறையும் சேராது. ஷிமானோவின் பத்து கியர் மலைச் சைக்கிள் டீரெய்லரும் ஏறக்குறைய 1.2 விகிதத்துக்கு மாறியது, அதுவும் வேண்டாம்.

பொருத்தும் இடத்தையும் பாருங்கள். சில சைக்கிள்களில் பிரேமிலேயே டீரெய்லர் மாட்ட ஒரு காது, அதாவது ஹாங்கர், இருக்கும். சிலவற்றில் டீரெய்லர் ஒரு தகட்டோடு வந்து, அச்சு நட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். உங்கள் பிரேமில் காது இல்லையென்றால் அந்தத் தகட்டைப் பழைய டீரெய்லரில் இருந்து கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ள வேண்டும். காது இருந்தால், பின்னால் நின்று பார்த்து, டீரெய்லரின் இரு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர் கீழாகச் செங்குத்தாக நிற்கின்றனவா என்று கவனியுங்கள். சைக்கிள் வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்திருந்தாலே காது உள்பக்கம் வளைந்திருக்கும். கியர் தகராறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால் முழு ஒன்பதுக்கும் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். அதற்குக் கேசட் ஹப் வேண்டும். ஹப் மாறினால் சக்கரத்தையே மறுபடி ஸ்போக்ஸ் கட்ட வேண்டும், அல்லது புதுச் சக்கரம் வாங்க வேண்டும். மலைச் சைக்கிள் ஹப் பொதுவாக 135 மில்லிமீட்டர். உங்கள் பிரேமில் இரு பக்க உட்தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிறகு கேசட், செயின், ஷிப்டர். எட்டு, ஒன்பது கியர் பிரீவீல்களும் சந்தையில் உண்டு, ஆனால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. பிரீவீல் ஹப்பில் வலப்பக்கப் பால்ரஸ் பல்சக்கரங்களுக்கு உள்ளே ஒதுங்கி இருக்கிறது. சக்கரங்கள் கூடக்கூட ஆதாரமில்லாத அச்சின் நீளம் கூடுகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அச்சு வளையும் அல்லது உடையும்.

இந்தச் செலவுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் கணக்குப் பார்க்கலாம். உங்கள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.05 மீட்டர். 42 பல் முன்னால், 14 பல் பின்னால் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு ஆறு மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு முப்பது கிலோமீட்டரை ஒட்டிய வேகம். ஒன்பது கியர் கேசட்டில் 11 பல் சக்கரம் கிடைக்கும். அதே மிதிக்கு முப்பத்தெட்டு வரும். வேலைக்குப் போய்வரும் சைக்கிளில் சமதளத்தில் முப்பத்தெட்டில் எத்தனை நிமிடம் ஓட்டுவீர்கள்? ஏழிலேயே நில்லுங்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

மிச்சமாகும் பணத்தைக் கேபிள்களில் போடுங்கள். பழைய சைக்கிளில் கியர் விழாமல் இருப்பதற்கு முதல் காரணம் டீரெய்லர் அல்ல, உறைக்குள் துருப்பிடித்த கேபிள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் உப்புக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. கியர் கேபிள் 1.2 மில்லிமீட்டர், பிரேக் கேபிள் 1.5 அல்லது 1.6. வித்தியாசம் உள்கம்பியோடு முடியவில்லை, உறையிலும் இருக்கிறது. பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கிளிக் கியர் உறையில் கம்பிகள் நீளவாட்டில் நேராக ஓடும். நேராக ஓடுவதால் உறை சுருங்காது, கியர் துல்லியமாக விழும். ஆனால் பிரேக்கின் இழுவையை அது தாங்காது. அவசரமாகப் பிடிக்கும் நேரத்தில் பிளந்துவிடும். கியர் உறையைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள். கடையில் கையில் இருப்பதை வெட்டித் தந்தால், வெட்டிய முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக. உங்களுடையது வி-பிரேக் (ரிம்மின் இருபுறமும் நிற்கும் இரண்டு நீண்ட கைகள்) என்றால் அதன் நெம்புகோல் அதிகக் கேபிளை இழுக்கும் வகை. சாலைச் சைக்கிளின் காலிப்பர் பிரேக் நெம்புகோல் அதற்குச் சேராது, பிடித்தாலும் கட்டை ரிம்மைத் தொட்டு அழுத்தாது. மாற்றவேண்டியது பெரும்பாலும் பிரேக் கட்டை மட்டும்தான். டிஸ்க் பிரேக் போடலாம் என்று யாராவது சொன்னால், பிரேமிலும் முன் போர்க்கிலும் அதை மாட்டும் காதுகள் இருக்கின்றனவா, ஹப்பில் தகடு பூட்ட ஆறு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

இப்போது டயர். 26 என்ற எண் சைக்கிள் உலகின் பெரிய ஏமாற்று. அது ஊதிய டயரின் வெளிவிட்டத்தை உத்தேசமாகச் சொன்ன பழைய வழக்கம். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தைச் சொல்வதில்லை. உங்கள் 26×1.95 டயரின் பக்கச் சுவரை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், 50-559 என்ற மாதிரி சிறிய எழுத்தில் இருக்கும். 50 அகலம், 559 உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடையில் இருக்கும் 26×1⅜ டயரில் 37-590 என்று இருக்கும். முப்பத்தொரு மில்லிமீட்டர் பெரியது. உங்கள் ரிம்மில் அது தொளதொளவென்று நிற்கும். காற்றடித்தால் டியூப் பிதுங்கி வெடிக்கும்.

ஒரு குறுக்கு வழி: தசமப் புள்ளியில் எழுதியதும் பின்னத்தில் எழுதியதும் ஒன்றல்ல. கணக்குப் பாடத்தில் 1.75ம் 1¾ம் சமம், டயரில் 26×1.75 என்பது 559, 26×1¾ என்பது 571. 28 அங்குலத்திலும் இதே கதை. அப்பா காலத்துக் கறுப்புச் சைக்கிளின் 28×1½ டயர் 635. இன்று 28 என்று அச்சிட்டு விற்கும் 700சி டயர் 622. இரண்டையும் கலந்து வாங்கிவிட்டுத் திண்டாடுபவர்கள் ஏராளம். 622தான் 29 அங்குல மலைச் சைக்கிளின் ரிம்மும். பெயர் மாறினாலும் விட்டம் அதுவே. எந்தக் கடைக்குப் போனாலும் 559 வேண்டும் என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, டயரை எடுத்துக் காட்டச் சொல்லி எண்ணை நீங்களே படியுங்கள்.

உங்களுக்கு ஏற்றது 26×1.5, அதாவது 40-559, நடுவில் வழவழப்பான வகை. இதற்கு மேல் ஒல்லியாகப் போக வேண்டாம். மலைச் சைக்கிள் ரிம் அகலமானது, நம் சாலைப் பள்ளங்களும் ரிம்மை மன்னிப்பதில்லை. எழுபது கிலோ எடைக்குக் காற்றழுத்தம் ஐம்பது பி.எஸ்.ஐ. போதும், பக்கச் சுவரில் போட்டிருக்கும் உச்ச எண்ணைத் தாண்டாதீர்கள். டியூப் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்: 1.5 முதல் 1.95 வரை என்று போட்டிருக்கும் ஒரே டியூப் இரண்டுக்கும் ஆகும். வால்வைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தடித்த வால்வுக்கு ரிம் துளை பெரிது. ஒல்லி வால்வு டியூப் அந்தப் பெரிய துளையில் வளையம் போட்டு மாட்டலாம். சிறிய துளையில் தடித்த வால்வு போகவே போகாது.

கைமாற்று வண்டி என்பதால் கிராங்கையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். பெடலைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் பி.பி. அச்சின் பால்ரஸ் கோளாறு. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்கின் நட்டு தளர்ந்திருக்கிறது, உடனே இறுக்குங்கள். தளர்ந்த நிலையிலேயே ஓட்டியிருந்தால் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை விரிந்துபோயிருக்கும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கைத்தான் மாற்ற வேண்டும். கழற்றும்போது இரண்டு தலைகீழ் மரைகள் நினைவில் இருக்கட்டும்: இடது பெடல் ஒன்று, வலப்பக்க பி.பி. கப் மற்றொன்று. மூன்று துண்டுக் கிராங்கில் பெடல் மரை எப்போதும் 9/16 அங்குலம், எனவே பெடல் வாங்குவதில் குழப்பமில்லை.

செயினுக்கு எண்ணெய் எது என்று கேட்காமலே சொல்கிறேன். தேங்காயெண்ணெய் வேண்டாம். விட்ட அன்று ஓட்டம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு பிசினாகிப் புழுதியைப் பிடித்துவைக்கும். வண்டியில் இருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலில் ஏற்கெனவே இரும்புத்தூள் இருக்கிறது. துரு நீக்கும் ஸ்பிரே கழுவுவதற்கு உதவும், ஓடுவதற்கு உதவாது. சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை முழுவதும் துணியால் துடைத்துவிடுங்கள். கை வைத்தால் கறுப்பாகும் செயினில் எண்ணெய் கூடிவிட்டது என்று பொருள்.

எல்லாம் மாட்டிய பிறகு கியர் அமைக்கும் வரிசை இது. கேபிளை இணைக்கும் முன், டீரெய்லரில் எச், எல் என்று குறித்த இரண்டு சிறு திருகுகளைப் பாருங்கள். எச் திருகால், மேல் சிறுசக்கரம் பின்னால் உள்ள சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்கும்படி செய்யுங்கள். டீரெய்லரைக் கையால் தள்ளி, பெரிய பல்சக்கரத்துக்கு நேராக வந்ததும் அதற்கு மேல் போகாதபடி எல் திருகால் தடுங்கள். இதில் அலட்சியம் கூடாது. அதற்கு மேல் போனால் செயின் ஸ்போக்ஸுக்குள் விழுந்து சக்கரமும் டீரெய்லரும் ஒன்றாகக் கிழியும். பிறகு சிறிய சக்கரத்தில் வைத்துக் கேபிளை இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். ஒரு கிளிக். செயின் அடுத்த பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், கேபிள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அரைச் சுற்று. ஏறியும் மறுபக்கம் உரசினால், திரும்பக் கால் சுற்று. பெரிய சக்கரத்தில் இருக்கும்போது மேல் சிறுசக்கரத்துக்கும் பல்லுக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்க, டீரெய்லரின் பின்புறம் இன்னொரு திருகு உண்டு.

முதல் வாரம் ஓட்டியதும் கியர் மறுபடி கொஞ்சம் தடுமாறும். புதுக் கேபிள் உறைகள் தத்தம் இடத்தில் அமர்வதால் வரும் தளர்வு அது. அதே உருளைத் திருகை அரைச் சுற்று விடுங்கள், கடைக்குப் போக வேண்டாம். ஷிப்டரைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அதை மட்டும் முதலில் செய்துவிடுங்கள்.